வீட்டுக்குப் பழ மரமா, பூ மரமா? செட்டிநாட்டுத் தோட்டங்களுக்கான கேள்வி பதில்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்களும், ஊருக்கு வெளியே மனை வாங்கிப் புதிதாகக் கட்டுகிறவர்களும் மரம் நடும்போது கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வேறு ஊர்களுக்கு எழுதிய தோட்டக் குறிப்புகளை அப்படியே எடுத்துக்கொண்டால் இங்கே சரிவராது. நம் மண் வேறு, மழை வேறு, வீடு கட்டிய விதமும் வேறு.

இடம் ஒரு மரத்துக்குத்தான் இருக்கிறது. எதை வைப்பது?

மாசியிலிருந்து ஆனி வரை அந்த வீட்டில் யார் இருப்பார்கள்? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி முடிவு வந்துவிடும். செட்டிநாட்டில் மரம் பிழைப்பதும் சாவதும் அந்த ஐந்து மாதத்தில்தான். பழ மரம் பூத்துப் பிஞ்சு பிடித்துக் காய் பெருக்கும் காலமும் பெரும்பாலும் அதுதான்.

வீட்டில் ஆள் குடியிருந்தால் நான் பழ மரத்தின் கட்சி. தண்ணீர் ஊற்ற, காய் பறிக்க, விழுந்ததைப் பொறுக்க ஆள் இருக்கும்போது அந்த இடத்தை வெறும் பூவுக்குக் கொடுக்க எனக்கு மனம் வராது. வீடு வருஷத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் என்றால் புங்கை, மகிழம், சரக்கொன்றை போன்ற ஒன்றை வையுங்கள். இரண்டு மூன்று வருஷம் யாரையாவது வைத்துத் தண்ணீர் கொடுத்துத் தேற்றிவிட்டால், அப்புறம் அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

மரத்தின் அழகு, பழத்தின் ருசி, வாஸ்து எல்லாவற்றையும் இதற்கு அடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் இடம் செம்மண். இரண்டடி தோண்டினால் சரளை, அதற்குக் கீழே செம்புறாங்கல். இதில் பழ மரம் வருமா?

வரும். ஆனால் குழிக்குச் செலவு செய்ய வேண்டும். செம்மண்ணில் காற்றோட்டம் நன்றாக இருக்கும், தண்ணீர் தேங்காது. குறை இரண்டு: ஈரத்தைப் பிடித்து வைக்காது, சத்து குறைவு. செம்புறாங்கல் படிவம் மேலாக இருக்கும் இடங்களில் மூன்றாவதாக ஒரு குறையும் உண்டு. வேர் கீழே இறங்க முடியாமல் பக்கவாட்டில் ஓடும். அப்படிப்பட்ட மரம் கோடையில் முதலில் வாடும், புயலில் முதலில் சாயும்.

அதனால் மா, பலா, சப்போட்டா போன்றவற்றுக்கு நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒரு மீட்டர் இருக்கும்படி குழி எடுங்கள். கடப்பாரைக்கு மசியாத கல் வந்தால், ஆள் வைத்து அந்தக் கல்லை உடைத்து எடுத்துவிடுவதுதான் நல்லது. "இந்த ஆழம் போதும்" என்று நிறுத்திவிட்டு நட்டால் தொட்டியில் நட்ட மாதிரிதான். கொய்யா, மாதுளை, எலுமிச்சை, சீத்தாவுக்கு இரண்டடிக் குழி போதும்.

தோண்டிய குழியில் மாலையில் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாள் காலையில் வடிந்திருந்தால் கவலை இல்லை. அப்படியே நின்றால் அடியில் கல் மூடியிருக்கிறது என்று அர்த்தம். இன்னும் உடையுங்கள், இல்லாவிட்டால் இடத்தை மாற்றுங்கள்.

இந்த மண்ணை விரும்பி வளரும் பழ மரங்கள் இருக்கின்றன. முந்திரி, சீத்தா, பெருநெல்லி, நாவல், விளா, மா எல்லாம் இங்கே வம்பு செய்யாமல் வருபவை. பலா ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கம் செழித்து நிற்பதைப் பார்த்துவிட்டு நம் கொல்லையிலும் அப்படி வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே மண் ஆழமாக இருக்கிறது. நம் பக்கம் ஆழமான மண் உள்ள இடத்தில் மட்டும் பலாவை நினையுங்கள்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கிறது. என்ன வைக்கலாம்?

சப்போட்டா, தென்னை, பெருநெல்லி ஓரளவு தாங்கும். எலுமிச்சை வகைகளும் மாவும் தாங்காது. இலை ஓரம் கருகிக் காட்டிக் கொடுத்துவிடும். பூ மரங்களில் புங்கையும் பூவரசும் உப்புக்கு அஞ்சாதவை.

பழ மரத்துக்கும் பூ மரத்துக்கும் தண்ணீர்த் தேவையில் எவ்வளவு வித்தியாசம்?

முதல் இரண்டு வருஷம் வித்தியாசமே இல்லை. எந்தக் கன்றாக இருந்தாலும் மழை இல்லாத நாட்களில் வாரத்துக்கு இரண்டு முறை, ஒரு குடத்துக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். தினமும் ஒரு செம்பு ஊற்றுவதைவிட இது நல்லது. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் வேர் மேலேயே தங்கிவிடும். நிறைய ஊற்றி, இடைவெளி விட்டால் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே போகும்.

மூன்றாம் வருஷத்துக்குப் பிறகுதான் வழி பிரிகிறது. சரக்கொன்றையும் புங்கையும் மழைத் தண்ணீரிலேயே நின்றுவிடும். பழ மரமும் உயிரோடு நிற்கும். ஆனால் தண்ணீர் இல்லாவிட்டால் காய் நிற்காது. பிஞ்சு மிளகு அளவிலிருந்து கோலி அளவுக்கு வரும் நேரத்தில் மண் காய்ந்தால் மரம் பிஞ்சைக் கொட்டிவிடும். மாவுக்கு இதில் ஒரு விசேஷம் உண்டு. பூக்கும் முன் இரண்டு மாதம் போலத் தண்ணீரை நிறுத்த வேண்டும். அந்தக் காய்ச்சல்தான் பூவைத் தள்ளும். மழைக்காலம் முடிந்ததும் நிறுத்திவிட்டு, பிஞ்சு பிடித்த பிறகு திரும்பக் கொடுங்கள்.

நம் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையை ஒட்டிக் கொட்டித் தீர்த்துவிடும். கூரைத் தண்ணீரை வளவுக்குள், அதாவது வீட்டு நடு முற்றத்துக்குள் இறக்கி, அங்கிருந்து கிணற்றுக்கும் ஊருணிக்கும் அனுப்பியவர்கள் கட்டிய வீடுகள் இவை. 1000 சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் தண்ணீர் இறங்குகிறது. அதைத் தெருச் சாக்கடையில் விடாமல் கொல்லைப் பக்கம் திருப்பி, மரங்களுக்கு இடையே ஒரு பள்ளம் வெட்டி அதில் விடுங்கள். மண் அடியில் ஏறும் ஈரம் தை, மாசி வரைக்கும் கூட நிற்கும்.

கிணற்றடியில் குளிக்கும், பாத்திரம் கழுவும் தண்ணீர் போகும் பாதையில் வாழையும் பப்பாளியும் வைப்பது நம் வீடுகளில் வழக்கமாக இருந்தது. இன்றைக்கும் அதைவிட நல்ல யோசனை இல்லை. சோப்புத் தண்ணீர் அதிகமாக இருந்தால் எலுமிச்சையை மட்டும் அங்கே வைக்காதீர்கள்.

பூட்டிய வீடு. கோயில் திருவிழாவுக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் மட்டும் வருகிறோம். காவலுக்கு ஒருவர் இருக்கிறார். பழ மரம் ஆசைப்படலாமா?

ஆசைப்படலாம், தேர்ந்தெடுத்து ஆசைப்பட வேண்டும். பெரும்பாலோர் மாமரம்தான் கேட்கிறார்கள். மா பழுக்கும் சித்திரை, வைகாசியில் நீங்கள் ஊரில் இருப்பீர்களா என்று யோசியுங்கள். பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வருகிற குடும்பம் என்றால் மாவே சரி. ஆடிக்குப் பிறகுதான் வருவோம் என்றால் மாம்பழம் முழுக்க அணிலுக்கும் வவ்வாலுக்கும்தான்.

ஆள் இல்லாத வீட்டுக்கு நான் முதலில் சொல்வது சீத்தா. அதன் இலையை ஆடு மாடு தொடாது. வறட்சியில் இலையை உதிர்த்துவிட்டு நிற்கும், மழை வந்ததும் துளிர்க்கும். ஆவணி, புரட்டாசி வாக்கில் பழம் வரும். அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஏபிகே 1 ரகம் இந்த வறண்ட பகுதியை மனதில் வைத்து வந்தது. வீட்டுத் தோட்டத்துக்கு இரண்டு கன்று போதும்.

அடுத்தது பெருநெல்லி. பழம் பறிக்க நாலு நாள் தாமதமானாலும் மரத்திலேயே நிற்கும். ஊறுகாய்க்கும் தேன் நெல்லிக்கும் மொத்தமாகப் பறித்துக்கொள்ளலாம்.

காவலுக்கு இருப்பவரிடம் தண்ணீர் ஊற்றச் சொன்னால் மட்டும் போதாது. காய்த்த பிறகு அதில் அவர் வீட்டுக்கும் பங்கு உண்டு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். நான் பார்த்த வரையில், அப்படிச் சொன்ன வீட்டுக் கன்றுகள்தான் கோடையைத் தாண்டியிருக்கின்றன.

கன்றுக்குப் பக்கத்தில் ஒரு மண்பானையைக் கழுத்தளவு புதைத்து, அடியில் சின்ன ஓட்டை போட்டுத் துணித்திரி செருகி, பானையை நிரப்பி மூடி வையுங்கள். ஈரம் மெதுவாகக் கசிந்துகொண்டே இருக்கும். சுற்றிலும் காய்ந்த இலை, தேங்காய் மட்டை போட்டு மூடாக்கு வைத்தால் வாரத்துக்கு ஒரு முறை பானையை நிரப்பினாலும் தாங்கும்.

முகப்புக்கு முன்னால் எந்த மரம் பொருந்தும்?

இங்கே பூ மரத்துக்குத்தான் என் ஓட்டு. வாசலில் பழ மரம் இருந்தால் பழம் விழும், ஈ மொய்க்கும், தெருவில் போகிறவர்கள் கல் எறிவார்கள், ஓடு உடையும்.

இடம் தாராளமாக இருந்தால் மகிழம். மெதுவாக வளரும், பொறுமை வேண்டும். ஆனால் வருஷம் முழுக்கப் பச்சை, அடர்ந்த நிழல். உதிர்ந்த பூ காய்ந்த பிறகும் மணக்கும். ஆச்சிமார் அதைப் பொறுக்கி நாரில் கோத்து வைப்பதை இந்தப் பக்கத்தில் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள். இடம் குறைவென்றால் பவளமல்லி. பத்துப் பதினைந்து அடிக்கு மேல் போகாது, வெட்டி அடக்கலாம், விடியலில் வாசல் முழுக்கப் பூ விரித்திருக்கும்.

சரக்கொன்றைக்கு ஈடான காட்சி வேறு இல்லை. சித்திரையில் ஊரே காய்ந்து கிடக்கும்போது மரம் முழுக்க மஞ்சள் சரமாகத் தொங்கும். அதே மரம் பூக்கும் முன் கொஞ்ச நாள் மொட்டையாக நிற்கும், அப்புறம் ஒன்றிரண்டு அடி நீளக் காய்கள் கறுத்துத் தொங்கும். மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் இளம் இலைகளைத் தின்னும். மருந்து அடிக்க வேண்டாம், மரம் திரும்பத் துளிர்த்துவிடும். இதையெல்லாம் தெரிந்துகொண்டு வைத்தால் ஏமாற்றம் இருக்காது.

முருங்கையை வாசலில் வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கிளை சட்டென்று முறியும், கம்பளிப்பூச்சி சுவரில் ஏறி வீட்டுக்குள் வரும். கொல்லையில் அவசியம் வையுங்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பிகேஎம் 1 செடிமுருங்கை ஆறேழு மாதத்தில் காய்க்கத் தொடங்கும்.

மர வேர் பழைய வீட்டுச் சுவரைப் பிளக்குமா?

நல்ல சுவரை வேர் தேடிப் போய் உடைப்பதில்லை. ஈரம் எங்கே கசிகிறதோ அங்கேதான் போகும். உடைந்த குழாய், கசியும் கழிவுநீர்த் தொட்டி, கிணற்றுச் சுவரின் விரிசல், சுண்ணாம்புக் காரை உதிர்ந்த அடித்தளம் இவற்றில் நுழைந்த வேர் தடிக்கும்போது விரிசலும் பெரிதாகும். களிமண் பூமியில் மரம் ஈரத்தை உறிஞ்சி மண் சுருங்கி வீடு இறங்குவது ஒரு பெரிய பிரச்சினை. நம் சரளைச் செம்மண் அவ்வளவு சுருங்காது என்பது நமக்கு ஒரு சௌகரியம். ஆனாலும் மா, நாவல், புங்கை போன்றவற்றைச் சுவரிலிருந்து 20 அடியாவது தள்ளி வையுங்கள். கொய்யா, மாதுளை, பவளமல்லிக்கு 8 அடி போதும்.

பழைய வீட்டுக்கு உண்மையான எமன் நீங்கள் நடாத மரம். பறவை எச்சத்தில் வந்து சுவர் இடுக்கிலும் கைப்பிடிச் சுவரிலும் முளைக்கும் ஆலும் அரசும்தான் எத்தனையோ வீடுகளைச் சாய்த்திருக்கின்றன. விரல் பருமனாக இருக்கும்போதே வேரோடு எடுத்துவிட்டு, இடுக்கைச் சுண்ணாம்புக் காரையால் அடைக்க வேண்டும். மேலே வெட்டினால் மட்டும் போதாது, இன்னும் பலமாகத் துளிர்க்கும்.

வேரைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இலையை மறந்துவிடுகிறார்கள். புளி, மயில்கொன்றை, இயல்வாகை ஆகியவற்றின் பொடி இலை ஓட்டு இடுக்குகளில் புகுந்து, இரண்டு கூரை சேரும் பள்ளத்தில் மக்கிச் சேறாகும். ஐப்பசி மழையில் தண்ணீர் வழியில்லாமல் திரும்பி உள்ளே இறங்கும். பர்மாத் தேக்கு உத்தரம் நனைந்து உளுப்பது இப்படித்தான். ஓட்டுக் கூரைக்கு மேலே கிளை நீட்டும் எந்த மரமும், பழ மரமோ பூ மரமோ, வேண்டாம்.

வளவுக்கு நடுவில் ஒரு சின்ன மரம் வைக்கலாமா?

வேண்டாம். வளவு வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் கூரைத் தண்ணீருக்கும் விட்ட இடம். தொட்டியில் துளசி, மல்லிகை, சின்ன எலுமிச்சை வரைக்கும் சரி. தொட்டிக்கு அடியில் தட்டு வையுங்கள். ஆத்தங்குடித் தரைக்கல்லில் செம்மண் கறை ஏறினால் எடுப்பது கஷ்டம். அதே காரணத்துக்காக நாவல் மரத்தையும் வீட்டிலிருந்து எட்ட வையுங்கள். பறவைகள் பழத்தைத் தின்றுவிட்டு வந்து வெள்ளைச் சுவரிலும் தரையிலும் ஊதா நிறத்தில் கோலம் போட்டுவிடும்.

எத்தனை வருஷத்தில் பலன் பார்க்கலாம்?

பப்பாளி ஒரு வருஷத்துக்குள். கொய்யா, மாதுளை இரண்டு மூன்று வருஷம். ஒட்டு மா, சப்போட்டா, சீத்தா மூன்று நான்கு. ஒட்டு நெல்லி நான்கைந்து. விதையில் வந்த பலாவுக்கு எட்டு வருஷம் போலக் காத்திருக்க வேண்டும். மா ஒட்டுக் கன்று முதல் வருஷமே பூத்துக் காட்டும், ஆசைப்படாமல் கிள்ளிவிடுங்கள். மூன்று வருஷம் வரை காய்க்க விடாமல் வளர்த்த மரம்தான் பிறகு சுமை தாங்கும்.

பூ மரங்களில் பவளமல்லி சீக்கிரம் பூக்கும், சரக்கொன்றைக்கு ஐந்தாறு வருஷமாவது ஆகும், மகிழத்துக்கு அதற்கும் மேல். பூ மரம் என்றால் உடனே பூக்கும் என்று நினைத்து வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒட்டுக் கன்றா, விதைக் கன்றா?

மா, சப்போட்டா, நெல்லிக்கு ஒட்டுதான், கொய்யாவுக்குப் பதியன். தாய் மரத்தின் பழமே அப்படியே கிடைக்கும். கொட்டை போட்டு முளைத்த மா என்ன காய்க்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒட்டுக் கன்று வாங்கினால் ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். அந்த இடத்துக்குக் கீழிருந்து வரும் போத்துகளைப் பார்த்தவுடன் கிள்ளுங்கள். விட்டால் அடிச்செடி வளர்ந்து ஒட்டை அமுக்கிவிடும். "நல்ல ரகம் என்று வாங்கினேன், நாரும் புளிப்புமாகக் காய்க்கிறது" என்று சொல்லும் பல மரங்களின் கதை இதுதான்.

நிழல் மரத்துக்கும் பூ மரத்துக்கும் விதைக் கன்றே நல்லது. ஆணிவேர் இறங்கும், காற்றைத் தாங்கும். பையில் வேர் சுருண்டுபோன பெரிய கன்றைவிட முழங்கால் உயரச் சின்னக் கன்று நான்கைந்து வருஷத்தில் முந்திக்கொள்ளும்.

எந்த மாங்கன்று? ஒரு வருஷம் கொட்டுகிறது, மறு வருஷம் ஒன்றும் இல்லையே?

ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் காய்ப்பது பல மா ரகங்களின் குணம். பங்கனபள்ளி, அல்போன்சா இரண்டிலும் அது உண்டு. நீலம் வருஷா வருஷம் காய்க்கும்; பருவம் கடைசியில், ஆனி வாக்கில் பழுக்கும். ஒரே மரம் என்றால் நான் நீலத்தைத்தான் சொல்வேன். இரண்டு வைக்க இடமிருந்தால் ஒன்று பங்கனபள்ளி, ஒன்று நீலம். சித்திரைக் கடைசியிலிருந்து ஆனி வரைக்கும் வீட்டில் பழம் இருக்கும். ஊறுகாய்க்கும் மாவற்றலுக்கும் என்றே ஒரு மரம் வேண்டும் என்றால் கிளிமூக்கு நல்லது.

பூக்கும் நேரத்தில் தத்துப்பூச்சி வந்து, இலையெல்லாம் பிசுபிசுத்துக் கறுப்பு படிந்தால் பூ நிற்காது. மரத்துக்குள் வெயிலும் காற்றும் போகும்படி பழம் பறித்தவுடன் உள்கிளைகளைக் கவாத்து செய்து வந்தால் இந்தத் தொல்லை பாதி குறையும். வேப்பெண்ணெய்க் கரைசலை மொட்டு வரும்போதே அடித்துவிடுங்கள். பூ விரிந்த பிறகு அடித்தால் தேனீயும் போய்விடும், காயும் போய்விடும்.

பெருநெல்லி நன்றாகப் பூக்கிறது, காய் பிடிக்கவில்லை. ஏன்?

துணை இல்லை. நெல்லி தன் மகரந்தத்தில் தானே சரியாகக் காய் பிடிக்காது. வேறொரு ரக நெல்லி பக்கத்தில் இருக்க வேண்டும். உங்கள் கொல்லையில் இடமில்லை என்றால் பக்கத்து வீட்டில் ஒன்று வைக்கச் சொல்லுங்கள், இருவருக்கும் காய்க்கும்.

குரங்கு, மயில், அணில், ஆடு. இவற்றிடமிருந்து எப்படிக் காப்பாற்றுவது?

கன்றுப் பருவத்தில் எதிரி ஆடும் மயிலும். ஆளுயர முள்வேலியோ கம்பி வலைக்கூண்டோ இரண்டு வருஷம் அவசியம். மயில் இளந்துளிரைக் கொத்திவிடும், கூண்டுக்கு மேல்பக்கமும் மூடி வேண்டும்.

காய்க்கும்போது அணில், கிளி, வவ்வால். கொய்யா, மாதுளை, சீத்தாப் பழங்களுக்குத் துணிப்பையோ வலைப்பையோ கட்டலாம். பழ ஈயும் அதோடு அடங்கும். விழுந்த அழுகல் பழங்களை மரத்தடியில் விடாமல் அன்றாடம் பொறுக்கி ஆழப் புதையுங்கள், ஈ பெருகுவது அங்கேதான்.

குரங்கு மட்டும் தனி. குன்றும் கோயிலும் உள்ள ஊர்களில் குரங்குக் கூட்டம் பழகிவிட்டால் வலையும் பையும் நிற்காது. அப்படிப்பட்ட தெருவில் இருந்தால் கொய்யாவையும் மாவையும் விட்டுவிட்டு எலுமிச்சை, நார்த்தை வையுங்கள். புளிப்பையும் முள்ளையும் அது அவ்வளவாக விரும்பாது. இல்லாவிட்டால் பூ மரத்துக்கே போய்விடுங்கள். வருஷா வருஷம் மனம் நோவதைவிட அது மேல்.

மயில்கொன்றை, தூங்குமூஞ்சி, கோனோகார்பஸ் சீக்கிரம் வளருமாமே?

வளரும். மயில்கொன்றை மடகாஸ்கரிலிருந்தும் தூங்குமூஞ்சி தென் அமெரிக்காப் பக்கமிருந்தும் வந்தவை. சாலை ஓரத்திலும் பள்ளி மைதானத்திலும் அழகுதான். வீட்டு மனைக்குப் பொருந்தாது. மயில்கொன்றையின் கிளை பலம் இல்லாதது, வேர் மேலாக ஓடிச் சிமெண்ட் தரையைத் தூக்கும். தூங்குமூஞ்சி ஒன்றே நாலு மனையை அடைத்துக்கொள்ளும். கோனோகார்பஸ் வேண்டவே வேண்டாம். குஜராத் அரசு 2023-இல் அதை நடுவதற்குத் தடை போட்டது. வேகமாக நிழல் வேண்டும் என்றால் புங்கை வையுங்கள். பங்குனியில் இலை மாற்றி, அக்னி நட்சத்திரம் வருவதற்குள் புது இலை தழைத்துவிடும். இலையில் பொரிப்பொரியாக வீக்கம் வருவது அதன் வழக்கம், பயப்பட வேண்டாம்.

சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடு. எதைத் தவிர்ப்பது?

பொன்னரளி, செவ்வரளி. இரண்டும் நஞ்சு, பொன்னரளிக் கொட்டை உயிருக்கே ஆபத்து. பூஜைக்குப் பூ வேண்டும் என்றால் பவளமல்லி, நந்தியாவட்டை, செம்பருத்தி இருக்கின்றன. சீத்தாப்பழம் நல்லது, ஆனால் அதன் விதைப்பொடி கண்ணில் பட்டால் கண்ணைக் கெடுக்கும். பேன் மருந்து என்று தலையில் தேய்க்க விடாதீர்கள்.

கஜா புயல் மாதிரி இன்னொன்று வந்தால்?

2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா கரை கடந்தபோது புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கம் பலாவும் தென்னையும் மாவும் வேரோடு விழுந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. தலைமுறைகளாகச் சோறு போட்ட மரங்கள் அவை. பழ மரம் விழுவதற்கு முக்கியக் காரணம் அதன் அடர்ந்த தலை. மழைக்கு ஈரமான மண்ணில் வேர் பிடி தளர்ந்திருக்க, காற்று தலையைப் பிடித்துத் தள்ளும்.

புரட்டாசிக்குள் உள்கிளைகளைக் கழித்துக் காற்று ஊடுருவ வழி செய்யுங்கள். மாமரத்தை ஆரம்பத்திலிருந்தே நுனி கிள்ளி, ஏணி எட்டும் உயரத்தில் குடையாக வளர்த்தால் காற்றுக்கும் நல்லது, பறிக்கவும் சுலபம். காற்றைத் தாங்குவதில் சப்போட்டாவும் மகிழமும் நம்பத் தகுந்தவை.

பழமும் வேண்டும், அழகும் வேண்டும். இரண்டும் சேர்ந்த மரம் இல்லையா?

இருக்கிறது. மாதுளையின் சிவப்புப் பூவைப் பார்த்தவர்கள் அதை அழகு மரப் பட்டியலில்தான் சேர்ப்பார்கள். சப்போட்டா யாரும் கத்தரிக்காமலே வட்டமாக, கரும்பச்சையாக நிற்கும். நார்த்தை பூக்கும் நாட்களில் கொல்லை முழுக்க மணக்கும். காய் ஊறுகாய்க்கு, இளந்துளிர் பொடிக்கு. பலா தன் அடிமரத்திலேயே காயைத் தொங்கவிட்டு நிற்கும் காட்சி எந்தப் பூ மரத்துக்கும் குறைந்ததா என்ன?

மறுபக்கம், பூ மரம் என்று வைப்பவற்றிலும் வீட்டுக்கு உதவுபவை இருக்கின்றன. மகிழம்பழத்தைப் பிள்ளைகள் தின்பார்கள். மந்தாரை இலை தைத்தால் உணவு பரிமாறலாம். புங்கை இலை நல்ல தழையுரம்.

முன்பக்கம் 15 அடியும் பின்பக்கம் 30 அடியும் உள்ள மனைக்கு நான் சொல்வது இது: வாசலில் ஒரு பவளமல்லி, கொல்லை மூலையில் ஒரு மா, கிணற்றடியில் வாழை, வேலி ஓரத்தில் முருங்கையும் கருவேப்பிலையும், மேற்கு வெயில் அடிக்கும் பக்கம் ஒரு சப்போட்டா. மாவுக்கும் சப்போட்டாவுக்கும் இடையே 25 அடிக்குக் குறைய வேண்டாம். இடைவெளி வெறுமையாகத் தெரிகிறதே என்று இன்னொன்றைச் செருகத் தோன்றும். முதல் மூன்று வருஷம் அங்கே பப்பாளி வையுங்கள், மரம் விரிந்ததும் அதை எடுத்துவிடலாம்.

எந்த மாதம் நடுவது? கன்று எங்கே வாங்குவது?

ஆடி, ஆவணியிலேயே குழி வெட்டி வெயிலில் ஆறப் போடுங்கள். மேல்மண்ணையும் அடிமண்ணையும் தனித்தனியாகக் குவியுங்கள். புரட்டாசியில் ஒன்றிரண்டு நல்ல மழை விழுந்ததும் மேல்மண்ணோடு இரண்டு கூடை மக்கிய தொழு உரமும் ஒரு கிலோ வேப்பம்புண்ணாக்கும் கலந்து குழியை நிரப்பி, ஐப்பசி பிறக்கும் முன் நட்டுவிடுங்கள். பருவமழை முழுவதும் கன்றுக்குக் கிடைக்கும், கோடைக்குள் வேர் பிடித்துவிடும். கார்த்திகை அடைமழையில் நட்டால் குழி சேறாகி வேர் அழுகும். பங்குனியில் ஊருக்கு வந்தோம், நட்டுவிட்டுப் போவோம் என்பது வேண்டாம்.

கன்றுகளைத் தெரியாத வண்டிக்காரரிடம் வாங்குவதைவிட அரசு தோட்டக்கலைப் பண்ணைகளில் வாங்குங்கள். சிவகங்கை மாவட்டத்தில் நேமத்திலும் தேவகோட்டையிலும், புதுக்கோட்டை மாவட்டத்தில் குடுமியான்மலையிலும் வல்லத்திராக்கோட்டையிலும் பண்ணைகள் இருக்கின்றன. மண் பரிசோதனைக்கும் நோய் சந்தேகத்துக்கும் குன்றக்குடி, வம்பன் வேளாண் அறிவியல் நிலையங்களை அணுகலாம். நீங்கள் கேட்கும் ரகம் மழைக்கு முன் தீர்ந்துபோகும், ஆவணியிலேயே போய்ச் சொல்லி வையுங்கள்.